‘நோ’ அமுக்கியும் போன ஆர்டர்

ஆனந்தமேரிக்கு எதையும் ஒரு தடவை கேட்டால் மனசு ஆறாது. பழனி பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டரிடம், “ரெட்டியார்சத்திரத்துல நிக்குமாண்ணே?” என்று கேட்பாள். அவர் தலையை ஆட்டுவார். உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டுக்காரியிடம், “ரெட்டியார்சத்திரத்துல நிப்பாட்டுவாங்கள்ல?” என்பாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனைக்கு வந்ததும் கணவன் ராபினிடம், “ஏங்க, கேஸை அடைச்சீங்களா? நல்லாப் பாத்தீங்களா?” என்பாள். அவன் “அடைச்சாச்சு” என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அவள் பாதித் தெரு திரும்பிப் போயிருப்பாள்.

கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் சாமியார் கேட்டபோது “சம்மதம்” என்று சொல்லிவிட்டு, மோதிரம் மாற்றும் நேரத்தில் ராபினின் காதோரம் சாய்ந்து, “உங்களுக்கும் சம்மதம்தானே?” என்று கேட்டாளாம். போகிற விருந்திலெல்லாம் ராபின் இதைச் சொல்லிச் சிரிப்பான். அவளும் மறுத்ததில்லை.

நாகல் நகரில் அப்துல் சுக்கூர் பாய் வைத்திருக்கும் வாடகைப் பாத்திரக் கடையில் அவளுக்கு வேலை. பாத்திரக் கடை என்பது பெயருக்குத்தான். பந்தல் துணி, பிளாஸ்டிக் நாற்காலி, சாப்பாட்டு மேசை, ஒரு ஆளே உள்ளே இறங்கிக் கழுவுகிற அளவுக்கு அண்டா, இரும்பு விறகடுப்பு, துடுப்பு மாதிரி நீளமான கரண்டி என்று கல்யாணம், காதுகுத்து, சுன்னத்து, புதுநன்மை எதுவானாலும் ஊர் அங்கேதான் வரும். ராபின் அந்தக் கடையின் குட்டியானை வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். ஆனந்தமேரி அதற்கு முன்னால் ஒரு நூல் மில்லின் ஆபீசில் சம்பளக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மில் ஆபீசைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனதும் வீட்டில் உட்கார்ந்தவளை, “சும்மா இருந்தா என்னையக் கேள்வி கேட்டே கொன்னுருவா பாய்” என்று ராபின்தான் கடைக்குக் கூட்டிவந்தான்.

அப்போது கடையில் ஆர்டர் எல்லாம் ஒரு கரும்பலகையிலும் பாயின் தலைக்குள்ளும் இருந்தன. கரும்பலகையில் ஆட்கள் சாய்ந்தால் சட்டை முதுகில் ஒரு கல்யாணம் ஒட்டிக்கொண்டு போய்விடும். பாய் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டார். மில்லில் எக்செல் ஷீட்டோடு கிடந்த பழக்கத்தில் ஆனந்தமேரி முதலில் வெறும் பட்டியல் ஒன்று போட்டாள். பிறகு வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொண்டு, எக்செல்லுக்கு வரிவரியாக உத்தரவு எழுதுகிற மேக்ரோ வைத்து ஒரு ஃபார்மே செய்துவிட்டாள். பெயர், ஊர், தேதி, நாற்காலி எத்தனை, அண்டா எத்தனை என்று கட்டங்களை நிரப்பி ஒரு பட்டனை அமுக்கினால் ஆர்டர் போய்ப் பட்டியலில் உட்கார்ந்துகொள்ளும். அந்தத் தேதிக்குக் கையிருப்பில் எத்தனை நாற்காலி மிச்சம் என்று தானாகவே காட்டும்.

முதல் தடவை அது வேலை செய்தபோது கடையில் வேறு யாரும் இல்லை. வெளியே போய் ராபினைக் கூட்டிவந்து மறுபடி அமுக்கிக் காட்டினாள். “அட, நெசமாவே நகருதே!” என்று அவன் வண்டி கழுவிய ஈரக்கையோடு குனிந்து பார்த்தான். பாய் வந்து பார்த்து “மாஷா அல்லா” என்றார். அன்றைக்கு எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஆனந்தமேரி ஆயிற்றே. ஆர்டரைச் சேர்க்கிற பட்டனை அமுக்கினால் ஒரு சின்னப் பெட்டி வந்து ‘சேர்க்கவா?’ என்று கேட்டது. பிரிண்ட் எடுக்கப் போனால் கேட்டது. ஃபார்மை மூடப் போனால் கேட்டது. ‘நிச்சயமா?’ என்று இன்னொரு பெட்டி வேறு. ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு பட்டன்: எஸ், நோ.

பாய்க்கு இது பெரிய தொல்லையாக இருந்தது. “ஏம்மா, நீ சாப்பிடப் போன நேரத்துலகூட உள்ள உக்காந்து நீயே கேக்குற மாதிரி இருக்கு” என்றார்.

“தப்பாப் போயிரக் கூடாதுல்ல பாய்.”

“எங்க வீட்ல கூட என்னைய இம்புட்டுக் கேள்வி கேட்டதில்லம்மா.”

ஒரு குறை மட்டும் அவளுக்கே இருந்தது. அந்தச் சின்னப் பெட்டிக்குத் தமிழ் தெரியவில்லை. ஃபார்மின் கட்டங்களில் தமிழ் அழகாக வந்தது. பெட்டியில் போட்டால் எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறியாக வந்தது. ரத்து செய்கிற இடத்தில் வாடிக்கையாளர் பெயரையும் காட்டலாம் என்று முயன்றபோது ஒரு வரி முழுக்கக் கேள்விக்குறிகள் நின்றன. பாய் எட்டிப் பார்த்து, “என்னம்மா, இந்தத் தடவை ரொம்பக் கோவமாக் கேக்குதே?” என்றார். அவள் பெயரை எடுத்துவிட்டாள். தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் போட்டு, ‘இந்த ஆர்டரை ரத்து செய்யவா?’ என்று மட்டும் கேட்க வைத்தாள். எந்த ஆர்டர் என்று பெட்டி சொல்லாது.

வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கிய சமயம். ரெட்டியார்சத்திரத்தில் செபஸ்தியான் என்று ஒரு விவசாயி. முருங்கையும் தக்காளியும் போடுகிறவர். மகள் ஷைனிக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் உறவு சனத்துக்கெல்லாம் மட்டன் பிரியாணி என்று முடிவுசெய்து, அண்டா, அடுப்பு, மேசை, நாற்காலி எல்லாவற்றுக்கும் ஆர்டர் கொடுத்திருந்தார். அதே ஞாயிற்றுக்கிழமைக்குத் தாடிக்கொம்பில் செபஸ்தியம்மாள் என்ற ஓய்வுபெற்ற டீச்சர் சாமியாரை அழைத்துச் செய்யும் தம் புதுவீட்டு மந்திரிப்புக்கு வெறும் நாற்காலியும் பந்தலும் சொல்லியிருந்தார். பட்டியலில் இரண்டு பெயரும் அடுத்தடுத்து நின்றன.

அந்த வாரத்தில் ஒருநாள் ஆனந்தமேரி மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது டீச்சர் போன் செய்தார். குளியலறை டைல்ஸ் வேலை முடியவில்லை, மந்திரிப்பைத் தள்ளிவைத்திருக்கிறோம், நாற்காலி வேண்டாம் என்றார். “சரிங்க டீச்சர், நானே எடுத்துர்றேன்” என்று பாய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது ஞாயிற்றுக்கிழமை காலை வரை யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆனந்தமேரி முதல் பூசையை முடித்துக்கொண்டு நேரே கடைக்கு வந்துவிட்டாள். சீசன் நேரத்தில் லீவு கிடையாது. பட்டியலை பிரிண்ட் எடுத்து ராபினிடம் கொடுத்ததும் அவன் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு தாடிக்கொம்புக்குக் கிளம்பினான். கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து போன்.

“மேரி, டீச்சர் வீட்ல விசேஷமே இல்லங்குறாங்க. உள்ள டைல்ஸ்காரரு உக்காந்து பூசிக்கிட்டிருக்காரு. நாக்காலியப் பாத்துட்டு, ‘எனக்கு எதுக்குப்பா இம்புட்டு?’ன்னு கேக்குறாங்க.”

“லிஸ்ட்ல இருக்கே! நல்லாக் கேட்டீங்களா?”

“நான் கேட்டேன். அவங்களும் சொன்னாங்க. நீ வேணா வந்து இன்னொருக்காக் கேளு.”

அவள் போனை வைப்பதற்குள் கடை போன் அடித்தது. செபஸ்தியான். குரல் ஓடிவந்தவன் குரல் மாதிரி இருந்தது.

“அம்மா, வண்டி எங்கம்மா வருது? அய்யலூர்ச் சந்தையில புடிச்ச கெடாவ அறுத்து, துண்டு போட்டு வச்சாச்சு. சமையல்காரரு கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. அண்டாவக் காணோம், அடுப்பக் காணோம்!”

ஆனந்தமேரி பட்டியலைப் பார்த்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், தேடும் கட்டத்தில் பெயரைத் தட்டிப் பார்த்தாள். செபஸ்தியான் என்ற பெயரே இல்லை. அவள் கையால் பதிந்த ஆர்டர். ஷைனிக்கு வெள்ளை கவுன் எங்கே தைக்கக் கொடுத்திருக்கிறார்கள் என்பதுவரை கேட்டுத் தெரிந்துகொண்டு பதிந்த ஆர்டர்.

“இந்தா வந்துருதுண்ணே, வண்டி கிளம்பிருச்சு” என்று வாய் சொல்லிவிட்டது. போனை வைத்துவிட்டு பாயைப் பார்த்தாள். பாய் முகத்தைப் பார்த்ததுமே பாதி புரிந்துபோயிற்று.

“டீச்சர் போன் பண்ணாங்கம்மா, அன்னைக்கு” என்றார் பாய். “எடுக்கத்தான் உக்காந்தேன். பெயரை மாத்தி அமுக்கிட்டேன், செபஸ்தியான் வந்துருச்சு. பொட்டி கேட்டப்பதான் லிஸ்ட்டப் பாத்தேன். அய்யய்யோ இது இல்லன்னு ‘நோ’ அமுக்கிட்டேன். அதுக்குள்ள வாடகைக்கு எடுத்த பாத்திரத்த நஸீரா வீட்டு ஆளுக கொண்டாந்து எறக்குனாங்க. ரெண்டு தட்டு கொறையுதுன்னு அங்க போயி நின்னுட்டேன். டீச்சரை எடுக்க மறந்துபோச்சு. அது என் தப்பு. ஆனா செபஸ்தியானை நான் எடுக்கல.”

“எடுக்காம எப்படிப் பாய் போகும்?”

“அதான் எனக்கும் வெளங்கல.”

அப்போது வாதாட நேரமில்லை. கடையின் பெரிய அண்டாக்கள் எல்லாம் நத்தம் ரோட்டில் ஒரு மண்டபத்துக்குப் போயிருந்தன. மிச்சம் இருந்தது பாயசம் வைக்கிற அளவுக்குத்தான். பாய் தெரிந்த வாடகைக் கடைக்கெல்லாம் போன் போட்டார். முகூர்த்த நாள், எல்லா இடத்திலும் ஒரே பதில்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. பாயின் மனைவி குர்ஷித் பேகம் சத்தம் கேட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார். விஷயத்தைச் செத்த நேரம் கேட்டார்.

“பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி காய்ச்சுற அண்டா சும்மாதானே கெடக்கு?” என்றார். “நோன்பு முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு. கஞ்சிதான் காய்ச்சணும், பிரியாணி போடக்கூடாதுன்னு அதுல எழுதியா இருக்கு?”

பாய் நெற்றியில் அடித்துக்கொண்டு பள்ளிவாசல் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் அயாஸுக்குப் போன் செய்தார். அயாஸ் லேசில் எதையும் வெளியே விடுகிற ஆள் இல்லை. ஜமாஅத்துத் தலைவரைக் கேட்கவேண்டும் என்றார். பாய், “கேளுப்பா, வைக்காம அப்படியே கேளு” என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நடந்தார். எந்தப் பக்கம் நடந்தாலும் ஆனந்தமேரியும் கூடவே நடந்தாள். கடைசியில், “எடுத்துக்கச் சொல்லிட்டாரு. அடுப்பும் இருக்கு. ஆனா வெளக்கித்தான் தரணும்” என்று பதில் வந்தது.

“நிச்சயமாத் தர்றாங்களா பாய்?”

“ஏம்மா!” என்றார் பாய்.

ராபின் நாற்காலிகளோடு அப்படியே திரும்பிவந்தான். பள்ளிவாசல் வாசலில் அண்டாக்களை ஏற்றும்போது நாற்காலிகளைக் கயிறு போட்டு உச்சிக்கு இழுத்துக் கட்டினார்கள். ஆனந்தமேரி முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் பின்னால் அண்டாவும் அண்டாவும் இடித்துக் கோயில் மணி மாதிரி அடித்துக்கொண்டு வந்தது. ராபின், “ரிவர்ஸ் எடுத்தாக்கூட இம்புட்டுச் சத்தம் வராது” என்றான். அவள் சிரிக்கவில்லை.

செபஸ்தியான் ரோட்டுக்கே வந்து நின்றிருந்தார். புதுவேட்டி, சட்டையெல்லாம் வியர்வை. திட்டுவதற்கு வாயைத் திறந்தவர் அண்டாவைப் பார்த்ததும், “மொதல்ல எறக்குங்கப்பா, அப்புறம் பேசிக்குவோம்” என்றார். சமையல்காரர் ஒரு அண்டாவைச் சுண்டிப் பார்த்து, “இதுவா? இது உங்க கடை அண்டாவ விட நல்ல கனம். அடி பிடிக்காது” என்றார். அந்த ஒரு வார்த்தையில் ஆனந்தமேரிக்கு மூச்சு வந்தது.

பங்குச்சாமியார் அன்றைக்குப் பிரசங்கத்தைக் கொஞ்சம் நீளமாகவே வைத்தது புண்ணியமாகப் போயிற்று. பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் மெழுகுவர்த்தியோடு வெளியே வந்து போட்டோ எடுத்துக்கொண்டு, உறவுகள் கன்னத்தைக் கிள்ளி முடிக்கும்போது தம் உடைக்கத் தயாராக இருந்தது. பந்தி கொஞ்சம் தாமதம்தான். இரண்டு பெரியவர்கள் பசியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், சாப்பிட்டதும் இறக்கிவிட்டார்கள். ஷைனி எல்லோருக்கும் முன்னால் கரண்டியோடு நின்ற ஆனந்தமேரியிடம் வந்து, “அத்தை, எனக்குக் கறி மட்டும்” என்று தட்டை நீட்டினாள். செபஸ்தியான் கை கழுவிவிட்டு வந்து, “மறந்துட்டீங்கன்னு நெனச்சுட்டேன்மா. அதான் ஆத்திரம்” என்றார். “மறக்கலண்ணே” என்றாள் ஆனந்தமேரி. அதற்கு மேல் அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை விசாரணை தொடங்கியது.

“பாய், நீங்க எஸ்ஸைத்தான் அமுக்கிருக்கீங்க. ஞாபகம் மாறிப்போச்சு.”

“நோதாம்மா அமுக்கினேன்.”

“மூணு மாசமா எது கேட்டாலும் பாக்காம எஸ், எஸ்னுதான அமுக்குறீங்க? நானே பாத்துருக்கேன். டீக்காரனைப் பாத்துக்கிட்டே அமுக்குறீங்க.”

“அது வாஸ்தவம். எதுக்கெடுத்தாலும் கேக்குது, ஆமான்னாத்தான் விடுது, அதனால அமுக்குறேன். ஆனா அன்னைக்கு மட்டும் பாத்து அமுக்கினேன். அல்லாமேல ஆணையா நோதான்.”

ஆனந்தமேரி தலையை ஆட்டிக்கொண்டாள். வயதானவர், பெரியவர், போகட்டும் என்று அந்தத் தலையாட்டலில் இருந்தது. பாய்க்கு அது நன்றாகவே புரிந்தது. முகம் வாடி, வாசலில் போய் உட்கார்ந்து, ஒருவரும் கேட்காமலே கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

குர்ஷித் பேகத்துக்கு இதைப் பார்க்கச் சகிக்கவில்லை. “எங்க வீட்டுக்காரரு மறப்பாரு. கல்யாண நாளை மறப்பாரு, கண்ணாடிய நெத்தியில வச்சுக்கிட்டுத் தேடுவாரு. பொய் சொல்ல மாட்டாரும்மா” என்றார். “எங்க, அந்தப் பொட்டிய எனக்குக் காட்டு.”

“என்னக்கா காட்டச் சொல்றீங்க?”

“அவரு என்ன பண்ணுனாரோ அத நான் பண்றேன்.”

ஆனந்தமேரி அவரை நாற்காலியில் உட்காரவைத்து, விளையாட்டுக்கு ஒரு ஆர்டர் போட்டாள். பெயர் குர்ஷித் பேகம், ஊர் நாகல் நகர், நாற்காலி ஐம்பது. பேகம் தம் பெயர் திரையில் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மவுஸை இட்லித் தட்டைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் பிடித்துத் தம் பெயரைத் தேர்ந்தெடுத்து, ரத்து பட்டனை அமுக்கினார். பெட்டி வந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார். மூலையிலிருந்த பெருக்கல் குறியை அமுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

“மூட மாட்டேங்குதே?”

“ஆமா இல்லன்னு ரெண்டுல ஒண்ணு சொன்னாத்தான் போகும்க்கா. எப்படியும் பதில் சொல்லியாகணும்.”

“சரி. இல்ல” என்று வாயாலும் சொல்லி, நோவை அமுக்கினார்.

பெட்டி மறைந்தது. குர்ஷித் பேகம், நாகல் நகர், நாற்காலி ஐம்பது — அதுவும் மறைந்தது.

பேகம் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார்.

“இல்லன்னு சொல்லியும் அழிச்சிருச்சே! பெறகு எதுக்கும்மா கேக்குது?” என்றார் பேகம்.

ஆனந்தமேரி மறுபடியும் ஒரு ஆர்டர் போட்டுத் தானே நோ அமுக்கினாள். போயிற்று. இன்னொரு தடவை. அதுவும் போயிற்று. மேக்ரோவைத் திறந்தாள். கண்ணுக்கு முன்னால் அப்பட்டமாக இருந்தது. ஆர்டர் சேர்க்கிற மேக்ரோவை வீடியோவைப் பார்த்து வரிக்கு வரி எழுதியிருந்தாள். அதில் கேள்வி கேட்கிற வரி இருந்தது, வந்த பதிலை வாங்கி வைக்கிற வரி இருந்தது, பதில் நோ என்றால் வேலையை அங்கேயே நிறுத்துகிற வரி இருந்தது. ரத்து செய்கிற மேக்ரோவை மட்டும், ‘எல்லாம் தெரிந்துவிட்டது’ என்ற தைரியத்தில் சீசன் அவசரத்தில் தானே எழுதியிருந்தாள். அதில் முதல் வரி கேட்டது. இரண்டாவது வரி அழித்தது. பதிலை யாரும் வாங்கவில்லை. எழுதிய அன்று சோதித்துப் பார்க்காமல் இல்லை. பத்துத் தடவையாவது அமுக்கியிருப்பாள். எல்லாம் எஸ். எஸ் அமுக்கினால் அழிகிறதா என்று பார்த்தாளே தவிர, நோ அமுக்கினால் அழியாமல் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை.

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். பாய் இன்னும் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

“பாய், நீங்க நோதான் அமுக்கிருக்கீங்க.”

“அத நான் நேத்துலருந்து சொல்றேன்.”

“நான் எழுதுனதுலதான் தப்பு. கேட்டுட்டு, நீங்க சொன்னதக் காதுலயே வாங்காம அழிக்கிற மாதிரி எழுதிட்டேன். உங்களை நம்பவும் இல்ல. மன்னிச்சுக்கங்க.”

பாய் கயிற்றைக் கீழே வைத்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தாள். அவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, எதிர்க் கடை டீக்காரரைப் பார்த்து, “ஏலே அப்பு, எல்லாருக்கும் டீ! நான் நிரபராதின்னு தீர்ப்பாயிருச்சு!” என்று கத்தினார். அன்று முழுவதும் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும், நாற்காலி கேட்க வந்தவர்கள் உட்பட, அந்தத் தீர்ப்பைக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

சாயங்காலம் வண்டியில் வீட்டுக்குப் போகும்போது அவள் ராபினிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். பிறகு, “தப்பா எடுத்துக்காத மேரி. கேஸை அடைச்சீங்களான்னு தெனமும் கேக்குற. ஒருநாளாச்சும் நான் சொன்னதக் கேட்டுட்டு நேரா நடந்துருக்கியா?” என்றான்.

ரவுண்டு ரோடு சிக்னல் தாண்டுகிறவரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, “அது வேற, இது வேற” என்றாள். கொஞ்சம் கழித்து, “ரொம்ப வேற இல்ல” என்றாள்.

அந்த வாரம் அவள் ஃபார்மைப் பிரித்துப் போட்டாள். முதலில் ரத்து மேக்ரோவில் பதிலை வாங்கி வைத்தாள்; நோ என்றால் அப்படியே வெளியேறு, ஒன்றையும் தொடாதே என்று எழுதினாள். நோவை மட்டும் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தாள். அசையாமல் நின்றது. பிறகு பாயைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தெந்தக் கேள்வி வேண்டாம் என்று கேட்டாள். பாய் எல்லாவற்றையும் வேண்டாம் என்றார். பேசிப் பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள்: சேர்ப்பதற்கும் பிரிண்டுக்கும் மூடுவதற்கும் கேள்வி கிடையாது. தப்பாகச் சேர்த்தால் எடுத்துக்கொள்ளலாம், தப்பாக பிரிண்ட் ஆனால் ஒரு தாள்தான். அழிப்பதற்கு மட்டும் கேட்கும், அதுவும் ஒரே தடவை.

“அப்படிக் கேட்டா நானும் ஒழுங்காப் பாத்துப் பதில் சொல்லுவேன்ல?” என்றார் பாய்.

அடுத்தது பெட்டிக்குத் தமிழ் கற்றுக்கொடுப்பது. அந்தச் சின்னப் பெட்டியோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, அதற்குப் பதிலாகத் தானே ஒரு குட்டி ஃபார்ம் செய்தாள். சொல்லவேண்டிய வாசகத்தை ஷீட்டின் ஒரு மூலையில் தமிழில் தட்டிவைத்து, அங்கிருந்து எடுத்துக் காட்டச் சொன்னாள். கேள்விக்குறி ஒன்றுகூட வராமல், ‘செபஸ்தியான், ரெட்டியார்சத்திரம், ஞாயிறு, அண்டா, அடுப்பு, மேசை — இதை ரத்து செய்யவா?’ என்று முழுசாக வந்தது. யோசிக்காமல் என்டர் தட்டினால் ‘வேண்டாம்’ பக்கம்தான் விழும்படி வைத்தாள். ரத்தானவை அழியாமல் இன்னொரு ஷீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும்படியும் செய்தாள்.

சோதித்துப் பார்க்கும் வேலை குர்ஷித் பேகத்துக்கு. இப்போது அவருக்கு அது ருசித்துவிட்டது. அடுப்பில் குழம்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, இருக்கிற பட்டனையெல்லாம் அமுக்குவார். ஒருநாள் யோசனையாக, “ஏம்மா, டீச்சரு ரத்தா பண்ணச் சொன்னாங்க? தள்ளித்தானே வச்சாங்க? ஆமாவும் இல்லாம இல்லையும் இல்லாம ஒரு பதில் இருக்குல்ல?” என்றார்.

ஆனந்தமேரி அவரைப் பார்த்தாள். மறுநாள் மூன்றாவது பட்டன் ஒன்று வந்தது: ‘தேதி பிறகு’. அதை அமுக்கினால் ஆர்டர் பட்டியலில் மஞ்சள் நிறத்தில் காத்திருக்கும். அதில் முதலில் போய் உட்கார்ந்தது செபஸ்தியம்மாள் டீச்சரின் புதுவீடு. டைல்ஸ் காய்ந்து, ஆவணியில் மந்திரிப்பு நடந்தது. பந்தல் போட்டபோது டீச்சர் ராபினிடம், “இந்தத் தடவை விசேஷம் இருக்குப்பா, பயப்படாம எறக்கு” என்றார்.

இதற்கிடையில் பள்ளிவாசல் அண்டாவில் சமைத்த புதுநன்மைப் பிரியாணியின் பெயர் ஊரில் பரவிவிட்டது. அடி பிடிக்காத அண்டா என்று ஆள் மாற்றி ஆள் அயாஸிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அவர் ஒருநாள் கடைக்கு வந்து ஆனந்தமேரியின் மேசை முன்னால் நின்றார்.

“அம்மா, அண்டா யாருக்குப் போச்சு, எப்ப வருதுன்னு பாக்குற மாதிரி எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க. கேள்வி பட்டனெல்லாம் வேணாம். வர்றவங்ககிட்ட இல்லன்னு நானே சொல்லிக்குவேன்.”

“ஒண்ணே ஒண்ணாச்சும் வைக்கிறேனே?” என்றாள் ஆனந்தமேரி.

பின்னாலிருந்து பாய், “விட்டுக்குடுத்துராத அயாஸு, அப்புறம் உன்னால மூச்சுவிட முடியாது” என்றார்.

அவள் செய்துகொடுத்தாள். கேள்வி வைக்கவில்லை. எழுதி முடித்த அன்று கடையைப் பூட்டும் நேரமாகிவிட்டது. ராபின் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து ஹாரன் அடித்தான். ஏறி உட்கார்ந்ததும், “ராத்திரிக்கு என்ன வெஞ்சனம்?” என்று கேட்டான்.

“கத்திரிக்கா. கருவாடு இருந்தாப் போடலாம். வீட்ல இருக்கா?”

“இருக்கு.”

அவள் வாயைத் திறந்தாள். அப்புறம் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே வைத்துக்கொண்டாள். வண்டி நாகல் நகர் மேம்பாலத்தில் ஏறியது.